இடது மூலை

அமெரிக்கக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு லிதுவேனியாவில் ஆள் தேடும் விதாஸ், ஊட்டெனா நகர அரங்கில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தது இருபது வயது லினாஸை.

லினாஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை இடது மூலைக்கு வீசினான். அங்கே யாருமில்லை. பந்து வெளியே உருண்டது. கூட்டம் கைதட்டியது.

"இது அஞ்சாவது தடவைடா, ஸ்டாசிஸ்! ஆள் இருக்கானான்னு பார்த்துப் போட மாட்டானா?" என்றார் விதாஸ்.

பக்கத்தில் இருந்த கிளப் மேலாளர் ஸ்டாசிஸ், விதாஸுடன் சிறுவயதில் ஆடியவர். "கொஞ்சம் பொறுடா" என்றார்.

விதாஸ் பொறுக்கவில்லை. செல்போனில் அறிக்கை பறந்தது: 'நல்ல கை. களத்தைப் பார்ப்பதில்லை. வேண்டாம்.'

ஆறாவது பந்தும் அதே மூலைக்குப் போனது. மறுபடி கைதட்டல்.

"தப்புக்குக் கைதட்டுறீங்களே, ஊருக்கே பைத்தியமா?"

"போன மார்ச் வரைக்கும் அவன் அப்படிப் போட்டதுல ஒண்ணுகூட வீணாகலடா. அந்த மூலைல அவன்கூட இரட்டையாப் பொறந்த தாரியுஸ் நிப்பான். அந்த மார்ச்ல ஏரி ஐஸ் மேல மீன் பிடிக்கப் போனான். ஐஸ் உடைஞ்சிருச்சு."

விதாஸ் செல்போனை எடுத்து, அனுப்பிய அறிக்கையை மறுபடி படித்தார்.

"பந்து சரியாத்தான் போகுது" என்றார் ஸ்டாசிஸ். "அங்க வேற ஆளை நிறுத்த எங்களுக்குத்தான் மனசு வரல."