ஏடு படிந்த காப்பி

பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.

சுற்றுச்சுவர் எழுப்பிப் பூசிக் கொடுத்த கூலி. கொத்தனாரான அவனுக்கும் சித்தாள் மயிலாத்தாளுக்கும் சேர்த்து.

தை பிறந்ததில் இருந்து கேட்கிறான்.

அவன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அங்கே பாக்கி கேட்பது என்றால் தெருவே கேட்கிற மாதிரி கேட்பது. கேட்கிற கேள்வியில் எதிராளி நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆளும் சும்மா இருக்க மாட்டான், பதிலுக்கு ஏறுவான். இரண்டு தொண்டையும் வற்றுகிற இடத்தில் கணக்கு முடிந்துவிடும்.

இந்த ஈரோட்டில் அது செல்லவில்லை.

கத்தினால் வீட்டுக்காரர் நாச்சிமுத்து சிரிக்கிறார். "வாங்க. உக்காருங்க. பாத்துக்கலாங்க."

பஞ்சு மூட்டையில் குத்துகிற மாதிரி இருக்கும்.

நாளை மறுநாள் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கடுக்கன் கொண்டுபோக வேண்டும். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சபையில் உட்கார்வது?

மயிலாத்தாள் இந்த ஊர்க்காரி. அவள்தான் சொன்னாள்.

"ஒண்ணும் பேச வேண்டாங்ண்ணா. காப்பி குடுப்பாங்க. அதத் தொட்டுறாதீங்க."

"அது போதுமாக்கும்?"

"போய்த்தான் பாருங். கத்துனா எங்கூர்ல காது கேக்காதுங்."

போனான்.

"வாங்க வாங்க." நாச்சிமுத்து வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டார். வீட்டம்மா முக்காலியில் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். ஆவி பறந்தது.

கை இரண்டையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். வாய்க்குள் நாலு வார்த்தை வந்து முட்டியது. பல்லைக் கடித்தான்.

"குடிங்க."

சிரித்தான். குடிக்கவில்லை.

நாச்சிமுத்து மழையைப் பற்றிப் பேசினார். மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார். தலையை ஆட்டினான்.

காப்பியில் ஏடு படிந்தது.

"ஆறுதுங்க."

"இருக்கட்டுங்க."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. வீட்டம்மா நிலைப்படிக்கு வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். அவிழ்த்து விட்டார். மறுபடி மடித்தார்.

அவன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

ஏறுது. ஆத்தாடி, ஆளுக்கு உறைக்குது!

இத்தனை மாசம் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத ஆள். இப்போது ஒரு வார்த்தை இல்லாமல் ஆட்டம் காண்கிறார்.

டம்ளர் விளிம்பில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.

"ஏண்டா!"

தெரு திரும்பிப் பார்த்தது.

"என்ற வூட்டுக் காப்பியில விசமாடா கலந்திருக்குது? நானும் மருவாதியாப் பேசிட்டே இருக்கறேன், குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறே? வெளிய நாலு சனம் பாத்தா என்னடா நெனைக்கும் என்னைய?"

கத்திக்கொண்டே உள்ளே போனார். பீரோவை அறைந்து சாத்துகிற சத்தம். கத்திக்கொண்டே வந்தார். முக்காலியில் பொத்தென்று நோட்டுக்கட்டு விழுந்தது.

"எண்ணிப் பாருடா! அஞ்சு பைசா கொறைய இருந்தா இப்பவே சொல்லு. அப்பறம் அதுக்கொரு நாள் வந்து உக்காந்து என் உசுர வாங்காதே!"

எண்ணினான். முழுசாக இருந்தது.

பாக்கி தீர்ந்தது. ஊருக்குப் போகும் ராத்திரி பஸ்ஸுக்கு முன்னால் கடைவீதியில் கடுக்கன் வாங்கிவிடலாம். மயிலாத்தாள் பங்கைக் கொடுத்துவிடலாம்.

நாச்சிமுத்து இன்னும் நிறுத்தவில்லை. அவன் பூசிய பூச்சு ஒரு பூச்சா என்றார். அவன் வைத்த மூலை ஒரு மூலையா என்றார். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அவன் ஊரை விட்டு வந்தபின் ஊர்ச் சண்டை மாதிரி இப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை.

மனுசன் இவ்வளவு மனசு விட்டுப் பேசும்போது பாதியில் எழுந்தால் நன்றாகவா இருக்கும்?

பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டான்.