கழிக்க முடியாத ‘க’

“ஆப்பரேட்டரம்மா, என் பொண்ணு இப்ப விழுப்புரத்துக்குப் பேசிச்சே... என்னா பேசிச்சு?”

திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருக்கும் அரங்கநாதன், யார் காதிலும் விழாதபடி ரிசீவரைத் துண்டால் மூடிக்கொண்டு கேட்டார். போனை எடுத்தாலே எக்ஸ்சேஞ்ச் ராஜாமணியின் குரல்தான். அவள் கொடுத்தால்தான் லைன்.

“அடுத்தவங்க பேச்சைக் கேக்கக் கூடாதுங்க. ரூல்ஸு.”

“என்னா பெரிய ரூல்ஸு? தபாலைப் பிரிச்சுப் படிக்க டில்லியிலயே சட்டம் கொண்டாந்துக்கினு இருக்காங்க, பேப்பர்ல பாக்கல? நாட்டுக்கு ஆபத்துன்னா பிரிக்கலாமாம். என் வூட்டுக்கு ஆபத்துன்னா நான் கேக்கக் கூடாதா?”

“வூட்டுக்கு என்னாங்க ஆபத்து?”

“வெள்ளிக்கெழம ஒலக்கூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. இவ என்னடான்னா விழுப்புரத்துல எவனோ சீனுவாசனாம், அவன்கிட்ட ‘க’ பாஷையில பேசறா. எழுத்துக்கு எழுத்து ஒரு ‘க’. ‘கநீ கஎகப்ப’ன்னு ஆரம்பிப்பா. நான் ‘க’வைக் கழிச்சு ‘நீ’க்கு வர்றதுக்குள்ள போனை வெச்சுடறா. பேஜாரா கீது!”

ராஜாமணி சிரிப்பை விழுங்கினாள்.

“கவர்மெண்டு கேட்டா பைலோட போவும்ங்க. நீங்க கேட்டா ராத்திரி சோறு எறங்காது.”

“எறங்காட்டி போவுது. ஓடிப் போறதா பேசிக்கிறாங்களா? அதை மட்டும் சொல்லிடும்மா. தாயில்லாப் பொண்ணும்மா.”

ராஜாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சரிங்க, வெளியில வுட்டுடாதீங்க, என் வேலை போயிடும். ‘எங்கப்பா சம்மதம் இல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன், அவரு கண்ணு கலங்கினா எனக்குத் தாங்காது’ன்னுச்சு உங்க பொண்ணு.”

அரங்கநாதன் ரிசீவர் மேலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் என்னா சொன்னான்?”

“‘நேர்ல வந்து, உங்கப்பா கால்ல வுழுந்து கேக்கறேன்’னாரு.”

“ஆளு எப்பிடி?”

“பதவிசா பேசறாருங்க. நல்ல வளர்ப்பு, கேட்டாலே தெரியுது. பாங்கு கிளார்க்காம்.”

“அதையும் ‘க’ பாஷையிலயா சொன்னான்?”

“ஆமாங்க. கபாகங்கு ககிகளாகர்க்கு.”

அன்று சாயங்காலமே ஒலக்கூருக்கு ஆள் போனது, வர வேண்டாம் என்று சொல்ல.

மறுநாள் அப்பா நெல் மூட்டைகளைப் பார்க்க வெளியே போன நேரம், தையல்நாயகி போனை எடுத்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“எங்கப்பா அவரை வரச் சொல்லிட்டாரு! ‘ஆப்பரேட்டரம்மா எல்லாம் சொல்லிடுச்சு’ன்னு என்னைப் புடிச்சுக்கினு ஒரே அழுவாச்சி. அப்பிடி என்னாதான் சொன்னீங்க அப்பாகிட்ட? நாங்க பேசிக்கினு இருந்தது, வியாழக்கெழம பாண்டிச்சேரிக்கு ஓடிப் போறதுக்கு எந்த பஸ்ஸுன்னுதானே?”

ராஜாமணி பதறிப்போனாள்.

“அடிப் பாவிங்களா! எனக்கு எப்பிடிம்மா தெரியும்? லைனைக் குடுத்ததும் ஹெட்போனைக் கழட்டி வெச்சுடுவேன். விழுப்புரத்துல பேசறவன் நான் பெத்த புள்ளைங்கறதுக்காக ஒட்டுக் கேக்கலாமா?”