வெறும் தண்ணீரும் நீலமானது

"லாரியை நிறுத்துங்க சார். ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது."

மேலாளர் தலை நிமிரவில்லை. உப்பு ஆலையின் வாசலில் இருபது டன் அயோடின் உப்போடு லாரி தயாராக நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"ஏம்மா, காலங்காத்தால வயித்துல புளியைக் கரைக்கிறே? நேத்து சாயங்காலமே இந்த உப்பு பாஸ் ஆயிடுச்சே. சோதனைத் தாள்கூட இந்தக் கோப்புலதான் இருக்கு."

"அந்தச் சோதனையே தப்பு சார்."

ஆய்வுக்கூடத்துப் பெண் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை அவருடைய மேஜையில் வைத்தாள். இரண்டிலும் மை கரைத்தாற்போல் நீலம்.

"நீலம் வந்தா அயோடின் இருக்குன்னு நீதானே சொன்னே? ரெண்டும் ஜோராத்தானே இருக்கு?"

"இதுல நம்ம உப்பு. இதுல உப்பே கிடையாது சார். வெறும் தண்ணி."

மேலாளர் இப்போது நிமிர்ந்தார்.

"சோதனைக்கு அமிலத்தோட பொட்டாசியம் அயோடைடும் கஞ்சித் தண்ணியும் சேர்ப்போம். அயோடைடு பார்க்கச் சர்க்கரை மாதிரி வெள்ளையா இருக்கும். தண்ணியில போட்டதும் நிறமே இல்லாம கரையும். ஆனா வெளிச்சம் ஆகாது. அதனாலதான் பழுப்புப் பாட்டில். போன வாரம் அது உடைஞ்சுது. அப்புறம் கலக்கின கரைசலைச் சாதாரணப் பாட்டில்ல ஊத்தி ஜன்னலோரமா வெச்சாச்சு. வெயில் பட்டு அதுக்குள்ள இருக்கிற அயோடினே பிரிஞ்சு வெளியே வந்துடுச்சு. இனி அதை எதுல ஊத்தினாலும் நீலம்தான்."

"சரியாப் போச்சு. குழாய்த் தண்ணியைக்கூட பாஸ் பண்ணிடும்கிறே."

"ஆமா சார். முதல்ல வெறும் தண்ணியில போட்டுப் பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை. நேத்து அதைச் செய்யல. இன்னிக்குப் புதுக் கரைசல்ல பார்த்தேன். இருக்க வேண்டிய அயோடின்ல கால்வாசிகூட இல்ல."

"இருமல் மருந்துல போடுற சமாச்சாரம்தானே இது? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா குடியா முழுகிடும்?"

"மாசமா இருக்கிறவங்க வீட்டுக்கும் இந்த உப்புதான் சார் போகுது. அயோடின் குறைஞ்சா கழுத்து வீங்கறதோட நிக்காது. வயித்துல இருக்கிற குழந்தையோட மூளையைப் பாதிக்கும்."

மேலாளர் தண்ணீர்க் குடுவையைத் தள்ளி வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"வாசல்ல யாரு? லாரியை உள்ளே திருப்புங்க. மூட்டை எல்லாத்தையும் இறக்குங்க. ஆமாய்யா, எல்லாத்தையும்தான்."

வைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இது நம்ம தூங்குமூஞ்சி வேலைதானே?"

ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களே இரண்டு பேர். ஒருத்தி இவள். இன்னொருவனுக்கு ஆலை வைத்த பெயர் அது.

"அவரை அப்படிச் சொல்லாதீங்க சார். யாருன்னு தாளைப் பாருங்க."

"பார்க்கிறேன், பார்க்கிறேன். மத்தியானம் முதலாளி வந்து, ஆய்வுக்கூடத் தலைமையை உங்க ரெண்டு பேர்ல யாருக்குக் கொடுக்கலாம்னு என்னைத்தான் கேட்கப் போறார். அவன் தானா வந்து குழியில விழுந்துட்டான். உனக்கு அடிச்சது யோகம்."

அவள் சிரிக்கவில்லை. மேலாளருக்கே மனம் கேட்கவில்லை.

"பாவம்மா, விடு. உப்பு வெளியே போகல. கரைசல் கெட்டுப்போச்சுன்னு மட்டும் எழுதிக்கலாம். பேர் எதுக்கு?"

"பேர் இல்லாம எழுதினா பழி பாட்டில் மேல போகும். பாட்டில் என்ன பண்ணும் சார்? நேத்து கையெழுத்து போட்டவங்களுக்கு இந்தப் பதவி இப்போ கிடைக்கக் கூடாது. முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

குரலில் ஒரு பிசிறு இல்லை.

"மூணு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க நீங்க ரெண்டு பேரும். நாற்காலின்னதும் இவ்வளவு கல்நெஞ்சா உனக்கு?"

"மூட்டை இறக்கறதைப் போய்ப் பார்க்கிறேன் சார். தனியா அடுக்கணும்" என்றவள், குடுவைகளை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மேலாளர் பெருமூச்சு விட்டு முதலாளிக்கு அறிக்கை எழுதத் தொடங்கினார். தூங்குமூஞ்சியின் நிஜப் பெயரைப் பாதி எழுதியவர், எதற்கும் இருக்கட்டும் என்று கோப்பிலிருந்து நேற்றைய தாளை உருவினார்.

'சோதனை செய்தவர்' என்ற இடத்தில், மணி மணியான எழுத்தில், இப்போது கதவைச் சாத்திவிட்டுப் போனவளின் கையெழுத்து இருந்தது.