ஏழாவது வாக்கியம்

“இடுப்புல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் அழுத்தித் தேய்.”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பாயில் குப்புற விழுந்தான். தலைமுடியெல்லாம் கல் பட்டறையின் வெள்ளைத் தூள். இன்று மட்டும் பதினெட்டுப் பலகைக் கல். ஒரு கல்லுக்கு நாலு ஆள், அந்த நாலில் ஒருவன் இவன்.

மனைவி ஒரு கையில் தைலத்தை எடுத்தாள். மறு கையில் ஒரு தாள்.

“தேய்க்கிறேன். நீங்க பாடத்தைச் சொல்லுங்க.”

பட்டறைக்கு இத்தாலியிலிருந்து கல் அறுக்கும் புது மெஷின் வரப்போகிறது. அதை ஓட்டப் பழக இரண்டு பேரை அந்த ஊருக்கே அனுப்பப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பத்து இத்தாலிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து, தடுமாறாமல் ஒப்பிக்கிறவனுக்குத்தான் விமானம் என்று கொடுத்துவிட்டார். மெஷினுக்குப் போய்விட்டால் கல் தூக்க வேண்டாம். அவனுக்கு நாற்பத்தாறு வயது. இந்த இடுப்பு இன்னும் இரண்டு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம்.

“மேனேஜர் எப்பக் கேக்கப் போறாராம்?”

“வர்ற வெள்ளிக்கிழமை.”

“போன வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. சரி, ஒண்ணு. காலை வணக்கம்.”

“பொன்ஜோர்னோ.”

“ரெண்டு. கழிவறை எங்கே?”

“தோவே இல் பாஞ்ஞோ.”

“இது மட்டும் முதல் நாளே வந்துடுச்சு உங்களுக்கு.”

“அவசரத்துக்கு உதவுறது அதுதானே.”

“மூணு. மெதுவாக.”

“பியானோ. நீயும் கொஞ்சம் பியானோவாத் தேய், தோல் உரியுது.”

ஆறு வரை தண்ணீராக வந்தது.

“ஏழு. நான் செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள்.”

“ஓ...”

“ஓ. அப்புறம்?”

“மறந்துடுச்சு.”

“ஒரு மாசமா இதே கதை. எல்லாம் வருது, இது மட்டும் தொண்டைக்குழியில நிக்குது. எழுந்து உட்காருங்க. ஓ ஸ்பல்யாத்தோ, மி பெர்தோனி. வழக்கம்போல பத்து தடவை.”

எழுந்து உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்தான்.

“சுவர்கிட்டயா சொல்லப் போறீங்க? ஒருத்தன் காலை மிதிச்சா அவன் மூஞ்சியைப் பாத்துத்தானே சொல்லணும்? என்னைப் பாருங்க.”

அவளைப் பார்த்துச் சொன்னான். அவள் விரல்விட்டு எண்ணினாள். எட்டாவது தடவை குரல் கம்மியது.

“தண்ணியைக் குடிங்க. தமிழ்ல கத்துறப்ப மட்டும் இந்தத் தொண்டை அடைக்காது. என் கம்பெனி கேட்டுல கத்தினீங்களே, நாலு தெருவுக்குக் கேட்டுச்சு.”

எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது. தையல் கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கிய வாரம். வீட்டுக்கு வருகிற நேரமா இது என்று கேட்டில் நின்று, அத்தனை பெண்களுக்கு முன்னால் அவன் சத்தம் போட்டான். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. அவ்வப்போது இப்படி ஒரு ஊசி ஏற்றுவாள். அவன் எழுந்து வேறு வேலை பார்ப்பான்.

மிச்சம் மூன்றையும் சொல்லி முடித்தான்.

“குளிச்சுட்டு வந்துடறேன்” என்று இன்றும் எழுந்து போனான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பட்டறையில் கிரேன் ஓட்டுபவன் நின்றிருந்தான், கையில் அகலமான இடுப்பு பெல்ட்டோடு.

“அண்ணன் விட்டுட்டு வந்துட்டார், அண்ணி. இது இல்லாம காலையில கல்லைத் தொட்டார்னா அவ்வளவுதான்.”

“எல்லாத்துலயும் மறதி. பாடத்துலயும்தான். நீ ஒப்பிச்சுடுவியா தம்பி? பயணம் என்னைக்கு?”

“எந்தப் பயணம்?”

“இத்தாலிக்குத்தான்.”

“அது நின்னுபோய் இருபது நாளாச்சே அண்ணி. மெஷினோட ஆளையும் அனுப்பி இங்கயே கத்துத் தர்றாங்களாம். அண்ணன் சொல்லலையா?”

அவள் தாளைப் பார்த்தாள்.

“பாவம், தினமும் உக்காந்து படிக்கிறார். அந்த ஏழாவதுதான் வரவே மாட்டேங்குது.”

கிரேன்காரன் சிரித்தான்.

“நல்லாச் சொன்னீங்க. நின்னுபோறதுக்கு முந்தின நாள் மேனேஜர் எங்களை வரிசையா நிக்கவச்சுக் கேட்டார். ஏழாவதுலதான் நாங்க அத்தனை பேரும் கவுந்தோம். மூச்சு விடாம சொன்ன ஒரே ஆள் அண்ணன். அதனாலதானே மெஷினுக்கு முதல் பேரே அவர் பேரு.”

அவன் போனதும் அவள் தாளில் ஏழாவது வரியை இன்னொரு தடவை படித்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே கணவன் வந்தான். பெல்ட்டைப் பார்த்தான், யார் வந்தது என்று கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்தான்.

“அந்த ஏழாவதை இன்னொரு தடவை கேளேன். குளிச்சதுல போயிடுச்சு.”

அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒரு நாளைக்குப் பத்து வீதம் இருபது நாளு. இருநூறு தடவை இத்தாலியன்ல கேட்டாச்சு. தமிழ்ல ஒரே ஒரு தடவை சொல்லுங்க.”

அவன் சுவரைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான்.

“தோவே இல் பாஞ்ஞோ” என்றான்.

அவள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்; ஆனாலும் அன்று கேட்டில் நின்று கத்தியதற்குத் தமிழில் ஒரு மன்னிப்பு இன்னும் பாக்கிதான்.