கதை இல்லாத படம்

முதல் பாகத்தில் சுறாவுக்கு இரையான வில்லன், இரண்டாம் பாகத்தில் தலைமயிர் கலையாமல் கப்பலில் வந்து நின்றான். கீர்த்தனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கக்கூடாது. இந்த மனுசனிடம் ஒரு சொல்லும் கேட்கக்கூடாது.

பக்கத்துக் கதிரையில் அவள் புருசன் கஜீபன் இமை வெட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நல்ல படமாம், வாரும்” என்று லிங்கநகர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவன் அவன்தான். விடிந்தால் பெண்சாதி பெட்டியோடு தம்பலகாமத்துக்குத் தாய் வீடு போகப்போகிறாள். துரைக்குக் கப்பல் படம் கேட்கிறது!

மூன்று கிழமையாக இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. தன் தங்கச்சியின் கலியாண வீட்டில், அத்தனை சனத்துக்கு முன்னால், “உமக்கு வாய் கூடிப்போச்சு, மூடும்” என்றான் கஜீபன். கீர்த்தனி மூடினாள். அன்றைக்கு மூடியதுதான். பிறகு அவன் கெஞ்சிப் பார்த்தான், மன்னிப்புக் கேட்டும் பார்த்தான். ம்ஹூம்! காலையில் அவளுடைய அண்ணன் தனஞ்சயன் ஓட்டோவோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

ஆனால் இந்தப் பாழாய்ப்போன படம் அவளைச் சும்மா இருக்க விடவில்லையே! மோசமான படத்துக்கு நொட்டை சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. முன்பெல்லாம் வீடு வந்து சேருமட்டும் அவள் கிழிப்பாள், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். இப்போது கதிரையில் நெளிந்தாள், காலை மாற்றி மாற்றிப் போட்டாள், தோளில் கிடந்த சால்வையை முறுக்கிப் பிழிந்தாள்.

கதாநாயகன் கடலில் குதித்து ஏறினான். சட்டை நனையவில்லை.

“லைட்டைப் போடுங்கோடா, வீட்டை போவம்!” என்று பின்னால் யாரோ கத்தினார்கள். இடைவேளையோடு பாதிச் சனம் போய்விட்டது.

இடைவேளையில் வாங்கிய சூடான பிளேன்டியை அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது கஜீபன் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். குடிக்கவும் விடமாட்டானாக்கும் என்று அவள் முறைப்பதற்குள் திரையில் கப்பல் வெடித்தது. அவள் துள்ளிப்போனாள்.

கடைசிச் சண்டை வந்தது. வெடித்த கப்பல் எப்படியோ திரும்பவும் ஓடியது. நங்கூரச் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. துறைமுகம் உள்ள திருகோணமலையில் இருக்கிறவளிடம் இதைக் காட்டலாமா?

“இஞ்சேருங்கோ, நங்கூரம் கீழை கிடக்கு, கப்பல் ஓடுதாம்! செத்தவன் எப்பிடி வந்தவன்? கடலுக்கை விழுந்தவன்ரை சட்டை ஏன் நனையேல்லை? இதிலை கதை எண்டு ஏதும் இருக்கோ?” மூன்று கிழமைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டினாள்.

கஜீபன் திரையை விட்டு அவளையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் தான் வாய் திறந்துவிட்டது அவளுக்கு உறைத்தது. ஆத்திரம் இன்னும் கூடியது.

“இந்தக் குப்பையைப் போய் நல்ல படமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“குப்பையெண்டு தெரியும். நேற்றே வந்து பாத்தனான்.”