முழுக்கை

நீச்சல் குளத்து வாசலிலேயே பல் டாக்டரம்மா பொரிந்து தள்ளினார்.

"என்ன கோச் இது அநியாயம்? பொண்ணுங்க எல்லாரும் முழுக்கை உடையிலதான் நீந்தணும்னு யாரு சட்டம் போட்டது? நீங்களா?"

கோச் இளம்பெண். கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகிக்கொண்டே, "உள்ள வாங்கம்மா. நான் உங்களை வரச்சொன்னது வேற விஷயமா" என்றாள்.

"அது கிடக்கட்டும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. அந்தத் துணி தண்ணியைக் குடிச்சுக் கனக்குது. நாளைக்கு டீம் செலக்‌ஷன். என் பொண்ணு ஜெயிக்க வேணாமா?"

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவர். தன் வாயைத் திறந்தால் மட்டும் லேசில் மூடமாட்டார்.

ஈரத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு கோச் நாற்காலியைக் காட்டினாள். டாக்டரம்மா உட்காரவில்லை.

"மறைக்க ஏதாவது இருக்கிறவங்க முழுக்கை போட்டுக்கட்டும். என் பொண்ணுக்கு மறைக்க என்ன இருக்கு?"

"நான் சட்டமே போடலைம்மா. பசங்களா போட்டுக்கிட்டாங்க."

"நம்புற மாதிரி சொல்லுங்க! கண் இமைக்கிற நேரம் பிந்தினாலே அழுது ஆர்ப்பாட்டம் பண்ற கூட்டமாச்சே!"

"எனக்கும் முதல்ல புரியலை. ஒரு பொண்ணு மட்டும் முழுக்கையில வந்தா. தண்ணியில இறங்காம ஓரமாவே உட்கார்ந்திருந்தா. துணி மாத்துற ரூம்ல மத்தவங்க அவ கையைப் பார்த்திருக்காங்க. மறுநாள் பார்த்தா அத்தனை பேரும் முழுக்கை. ஏன்னு கேட்டா, 'எங்களுக்கும் குளிருதுக்கா'ன்னாங்க."

"கையில என்ன?"

"விரல் பதிஞ்ச தடம். அவளோட பழகுற பையன் பண்ணது. போனை உடனே எடுக்கலைன்னா அடி. வேற யார்கூடவாவது சிரிச்சுப் பேசினா அடி. இப்ப நான் விசில் ஊதினாக்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போடுது. சரியாத் தூங்கறதில்ல. 'நான்தான் அவனுக்குக் கோவம் வர மாதிரி நடந்துக்கிட்டேன்'னு அழறா."

டாக்டரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது.

"பெத்தவ என்ன பண்ணிட்டு இருந்தா? வீட்டுல கண்ணை மூடிக்கிட்டா இருந்தா?"

கோச் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூட்டத்தோட ஒருத்தியா இருந்தா இறங்குவான்னு பசங்களுக்குத் தோணியிருக்கு. இறங்கிட்டா. நாளைக்கும் எல்லாரும் இதேதான் போடுவாங்களாம். 'செலக்‌ஷன் போனா போகட்டும்கா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டாங்க. இத்தனூண்டு பசங்கம்மா!"

"அந்தப் பொண்ணு வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லம்மா. கூட நீந்துற பசங்கதான் தைரியம் சொல்லி, நேத்து அவளை என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. 'அம்மா திட்டுவாங்க, நீங்களே சொல்லுங்கக்கா'ன்னா. அதுக்குத்தாம்மா உங்களை வரச்சொன்னேன்."

டாக்டரம்மா அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

முழுக்கை உடையை வாங்கித் தந்ததே அவர்தான். "குளிருதும்மா" என்று மகள் சொன்னபோது, "மீனுக்குக் கூடவாடி குளிரும்?" என்று கடையில் வைத்துக் கேலி செய்ததும் அவர்தான். பிறகு மற்ற பிள்ளைகளும் அதையே போட்டதைப் பார்த்து, இது கோச் போட்ட சட்டம் என்று முடிவுகட்டியதும் அவர்தான். வீட்டுக்கு வரும் அந்தப் பையனை, என்ன மரியாதை, என்ன அடக்கம் என்று மெச்சியதும் அவரேதான்.

"திட்டிடாதீங்கம்மா. அவனை என்ன செய்யணும்கிறதை நாம சேர்ந்து செய்வோம். முதல்ல அவளைக் கட்டிப் பிடிச்சுக்கோங்க."

டாக்டரம்மா குளத்தங்கரைக்கு ஓடினார். தண்ணீர் முழுக்கக் கறுப்புத் துணி மூடிய கைகள். ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன.

எது தன் மகளின் கை என்று பெற்றவருக்கே தெரியவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே அந்தக் குழந்தைகள் தங்கள் வெற்றியையே தூக்கிப் போட்டிருந்தார்கள்!