கள்ளன் வந்து போன செய்தி

ஹோர்சன்ஸ் நூலகத்தின் மூலைக் கணினிக்கு முன்னால் இருந்த நித்தியானந்தன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. தன்னுடையதல்லாத ஒரு சீபிஆர் இலக்கத்தைத் தட்டினார். டென்மார்க்கில் ஒருவருடைய வீடு, வங்கி, வைத்தியம் எல்லாம் அந்த இலக்கத்துக்குள்தான்.

தவணைக்குத் தொலைக்காட்சி வாங்கும் பக்கம் திரையில் வந்தது. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முந்தியெல்லாம் யோசிக்காமல் அழுத்தியவர் இன்றைக்கு விரலை எடுத்துக்கொண்டார்.

அந்த இலக்கம் அவருடைய ஒரே மகன் கஜதீபனுடையது.

தாதிப் படிப்பை முடித்த கையோடு, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் உதவிவிட்டு வாறன் என்று போனவன். யுத்தத்தில் பாதை பூட்டுப்பட்டு அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். மாசி மாதத்துக்குப் பிறகு அவனுடைய குரல் வரவில்லை. இப்போது மே முடிகிறது. யுத்தமும் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள்.

மகனின் குரல் நின்றதோடு தாய் தங்கமலர் சாப்பாட்டை விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் கணக்கு வைத்திருந்த தொலைபேசிக் கொம்பனியில் வாடிக்கையாளர் விபரமெல்லாம் களவுபோனது. கொம்பனி பரிகாரமாக ஒரு காவல் சேவையை இலவசமாகக் கொடுத்தது. யாராவது அவனுடைய இலக்கத்தைப் பாவித்துக் கடனுக்கோ தவணைக்கோ எதையும் வாங்கப் பார்த்தால் உடனே குறுஞ்செய்தி வரும். போகும்போது அவன் தாயின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனதால், செய்தி தங்கமலரின் கைத்தொலைபேசிக்கு வரும்.

“கள்ளன் போனாப் பிறகு குரைக்கிற நாயை இனாமாத் தாறாங்களோ அண்ணை?” என்று வேலையிடத்தில் தவராஜா சிரித்தான்.

அந்த நாய் சித்திரையில் ஒருநாள் குரைத்தது. கோபன்ஹேகனில் எவனோ கஜதீபனின் பெயரில் தவணைக்குத் தொலைக்காட்சி வாங்கப் பார்த்திருந்தான்.

“எங்கடை பிள்ளைதான்! வெளியிலை வந்திட்டான். எங்கையோ இருந்து தன்ரை நம்பரைக் குடுக்கிறான்,” தங்கமலர் படுக்கையில் எழும்பி இருந்தாள்.

“அவன் ஏனப்பா டிவி வாங்கப்போறான்? இது கள்ளன்.”

“கள்ளன் எண்டாலும் என்ரை பிள்ளையைக் கண்ட கள்ளனா இருக்கும். நீங்கள் சும்மா இருங்கோ.”

அன்றைக்கு அவள் கோப்பை நிறையச் சோறு தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நித்தியானந்தனுக்கு அந்தக் கள்ளனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கள்ளன் பிறகு வரவில்லை. தங்கமலர் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்போதுதான் நித்தியானந்தன் கள்ளனானார். வேலை முடிந்து நூலகத்துக்கு வந்து மகனின் இலக்கத்தைத் தட்டுவார். நாய் குரைக்கும். வீட்டில் அடுப்பு எரியும். மறுநாள் கடைக்குத் தொலைபேசி எடுத்து, பிழையாக அழுத்திவிட்டேன் என்று சொல்லி நிற்பாட்டிவிடுவார்.

இன்று மத்தியானம், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது சண்முகலிங்கம் தொலைபேசி எடுத்தான். தங்கமலரின் தம்பி, செட்டிகுளம் அகதி முகாமில் இருக்கிறான். யாருடையதோ ஒளித்து வைத்த தொலைபேசி.

“அத்தான்... வலைஞர்மடத்திலை, ஷெல். நான்தான் மண் போட்டனான். பெத்த தகப்பனுக்கு மறைக்கக்கூடாது, கிரியை செய்யவேணும் எல்லோ. அதுதான் எடுத்தனான்.”

நித்தியானந்தனுக்கு முதலில் வந்த சொல் மகனைப் பற்றியதல்ல. “அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையடா.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த பிள்ளையை டிவி வாங்க அனுப்ப மனம் வரவில்லை. எழுதியதை அழித்துவிட்டு எழும்பினார். இன்றைக்கு அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது. சைக்கிளை மிதித்த வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தையே சொல்லிப் பார்த்தார். ஒருமுறைகூட அது முடிவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்தவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சருங்கோ, இண்டைக்கும் வந்தது!” கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பல நாளாய்த் தலைக்குத் தண்ணீர் வார்க்காதவள் முழுகியிருந்தாள். ஈரமயிரிலிருந்து சொட்டி, தோள்மூட்டு நனைந்திருந்தது. செய்தி கண்ட சந்தோசமாக்கும் என்று அவர் நினைத்தார். அவளுக்குப் பின்னால், மாசியிலிருந்து சாத்திக் கிடந்த மகனின் அறைக்கதவு திறந்திருந்தது. மேசைக் கணினியின் வெளிச்சம் சுவரில் தெரிந்தது.

செய்தியை வாசித்தார். கஜதீபனின் இலக்கம். இன்றைய திகதி. திரும்பவும் வாசித்தார்.

அவர் பொத்தானை அழுத்தவில்லையே!

சொல்லக்கூடாததெல்லாம் ஒன்றாய்ப் பாய்ந்து வந்தது.

“தங்கம், இது நானில்லை! முந்தி வந்ததெல்லாம் நான் செய்த வேலை, நீர் சாப்பிடவேணும் எண்டு செய்தது. ஆனா இண்டைக்கு நான் அமத்தேல்லை. சத்தியமா அமத்தேல்லை! உம்மடை தம்பி ஆளை மாறிப் பாத்திட்டான். எங்கடை பிள்ளை இருக்கிறானப்பா, உயிரோடை இருக்கிறான்!”

அவளுடைய சிரிப்பு நின்றது. நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் அவளைத் தோளோடு அணைத்தபோது, அந்த ஈரத்தலை அவருடைய கழுத்தில் சில்லிட்டது.

“உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு தம்பியைக் கெஞ்சினனே,” என்றாள் தங்கமலர். “உங்களுக்கும் எடுத்திட்டானோ?”